ஸ்டாஃப் நோட்டேஷன் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீபோர்டு வகுப்பில் ஒரு வருடம் படித்த பிள்ளைக்கு முன்னால், ஸ்டாஃப் நோட்டேஷனில், அதாவது ஐந்து கோடுகளில் எழுதிய, அது இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். பழகிய பாட்டைச் சரளமாக வாசிக்கும் கை, ஒவ்வொரு நோட்டிலும் நின்றுவிடும். கண் அடிக்கோட்டிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போகும். பிள்ளைக்கு இசை வரவில்லையோ என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். பெரும்பாலும் கோளாறு நாம் சொல்லிக்கொடுத்த முறையில்தான் இருக்கிறது.

நோட்டுப் பெயர்களை நினைவில் வைக்கச் சொல்லித்தரும் மனப்பாட வாக்கியங்களில் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த ஒலிகளுக்கான குறி) கோடுகளுக்கு ஒன்று, இடைவெளிகளுக்கு ஒன்று. பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த ஒலிகளுக்கான குறி) இன்னும் இரண்டு. நான்கையும் ஒப்பித்துவிட்டால் எழுதுகிற தேர்வில் மதிப்பெண் வரும், வாசிப்பு வராது. நிமிடத்துக்கு 80 பீட் என்ற மிதமான வேகத்தில்கூட ஒரு பீட்டுக்கு முக்கால் நொடிதான். அதற்குள் எந்தக் கிளெஃப் என்று பார்த்து, வாக்கியத்தை நினைவுபடுத்தி, கோட்டை எண்ணி, கட்டையைத் தேட யாராலும் முடியாது. போதாக்குறைக்கு வாக்கியங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ட்ரெபிளில் இரண்டாவது கோடு ஜி, பேஸில் அதே இரண்டாவது கோடு பி.

இதற்குப் பதில் மூன்றே மூன்று இடங்களைப் பதிய வையுங்கள். ட்ரெபிள் கிளெஃபின் சுழி சுற்றி நிற்கும் இரண்டாவது கோடு ஜி. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போகும் நான்காவது கோடு எஃப். இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே, சின்னக் கோட்டின் மேல் மிடில் சி, அதாவது கீபோர்டின் நடுவில் இருக்கும் சி. மிடில் சி-யிலிருந்து ஐந்தாவது நோட், மேலே போனால் அந்த ஜி. கீழே வந்தால் அந்த எஃப். இந்தச் சமச்சீரைக் காட்டினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இந்த வழி புதிதும் இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்ஸோ நகரத்துத் துறவி குவீதோ, பாடகர்கள் பார்த்த உடனே பாட வேண்டும் என்பதற்காக எஃப் கோட்டைச் சிவப்பிலும் சி கோட்டை மஞ்சளிலும் போட்டுக் கொடுத்தார். இன்றைய கிளெஃப் வடிவங்களும் ஜி, எஃப் என்ற எழுத்துகளிலிருந்து வளர்ந்தவைதான்.

அந்த மூன்று இடங்கள் கைவசமானதும் தூரத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் பக்கத்து வெள்ளைக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டு. 'அம்மா' என்ற சொல்லை நாம் எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? நோட்டுகளும் அப்படி ஏற்ற இறக்கத்தின் உருவமாகக் கண்ணில் பட வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் பெயர் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆசிரியர் இந்தப் பழக்கம் வளர விடுவதில்லை.

நோட்டுக்கு மேலே பென்சிலால் எழுத்தை எழுதித் தருவதும், கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் உதவி போலத் தெரியும். ஆனால் எழுத்து இருக்கிற இடத்தில் கண் நோட்டைப் பார்க்காது. கட்டாயம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியின் முதல் நோட்டுக்கு மட்டும் எழுதி, அடுத்த வாரம் அழித்துவிடுங்கள். கட்டைகளுக்கு இரண்டிரண்டு, மூன்று மூன்றாக நிற்கும் கறுப்புக் கட்டைகளே போதிய அடையாளம்.

நம் ஊர் வகுப்புகளில் இன்னொன்று நடக்கிறது. சி என்றால் ச, டி என்றால் ரி என்று ஸ்டாஃபின் மேல் ஸ்வரம் எழுதுவது. சரளி வரிசை பழகியவர்களுக்கு இது குறுக்குவழியாகத் தோன்றும். ஆனால் அந்த வரிசை பாடப்படும் மாயாமாளவகௌளை ராகத்தில், சி-யை ச-வாக வைத்தால் ரி வருவது டி ஃபிளாட்டில் (டி-க்கு இடப்பக்கக் கறுப்புக் கட்டை), டி-யில் அல்ல. ஜி மேஜருக்குப் போனால் ச ஜி-க்கு நகர்ந்துவிடும், நி எஃப் ஷார்ப்பில் (எஃப்-க்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டை) வரும். ஸ்வரம் சுருதியோடு நகரும். ஸ்டாஃபில் சி-யின் இடம் நகராது. சர்ச் பாடகர் குழுவில் டோ, ரே, மி என்று பாடும் டோனிக் சோல்ஃபா பழகியவர்களுக்கும் இதே குழப்பம் வரும், ஏனென்றால் அங்கே டோ நகரும். ஸ்வர ஞானத்தைக் காதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேஜர் ஸ்கேலைச் சங்கராபரணமாகக் கேட்டு உணர்வது பெரிய பலம். தாளில் மட்டும் அதை எழுதாதீர்கள்.

காது நன்றாக இருக்கும் பிள்ளையிடம் தனிக் கவனம் வேண்டும். ஆசிரியர் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், பிள்ளை தாளைப் பார்ப்பது போல இருந்துகொண்டு நினைவிலிருந்து வாசித்துவிடும். தெரிந்த சினிமாப் பாட்டைக் கொடுத்தாலும் இதேதான். வாசிப்புப் பயிற்சிக்குத் தெரியாத மெட்டு வேண்டும்; அது பிள்ளை இப்போது வாசிக்கும் பாடத்தைவிட எளிதாக இருக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம், ஒவ்வொரு நாளும் புதிது.

கட்டைவிரல் எப்போதும் சி-யிலேயே இருந்தால் பிள்ளை விரல் எண்ணைத்தான் படிக்கும். அதே மெட்டை ஜி-யில் கட்டைவிரல் வைத்தும், அப்புறம் இரண்டாம் விரலில் தொடங்கியும் வாசிக்கச் சொல்லுங்கள். பேஸ் கிளெஃபை ஆறு மாதம் தள்ளிப்போடுவதும் வேண்டாம். இடதுகை பிறகு எப்போதும் பின்தங்கியே இருக்கும்.

தாளத்தைக் கடைசியில் சேர்க்கலாம் என்று விடுவதும் தவறுதான். வாசிக்கும் முன் தாளத்தைக் கைதட்டிச் சொல்லட்டும். வாசிக்கத் தொடங்கிய பிறகு தப்பான நோட்டுக்காக நிறுத்தாதீர்கள், பீட் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பிராக்டிகல் கிரேடு தேர்வில் பார்த்து வாசிக்கும் பகுதிக்கு 150-இல் 21 மதிப்பெண். முன்கூட்டிப் பார்க்க அரை நிமிடம் தருவார்கள். அந்த அரை நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கீ சிக்னேச்சர் (எந்த நோட்டுகள் ஷார்ப் அல்லது ஃபிளாட் என்ற குறி), டைம் சிக்னேச்சர் (பீட் எண்ணிக்கையைச் சொல்லும் குறி), பிறகு பெரிய தாவல்கள் எங்கே வருகின்றன என்பது. வீட்டுப் பயிற்சியிலும் இதே வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.