இறக்குமதி விலை ஏறும்போது வீட்டுச் சாமான் சேர்ப்பது: வேலூர்ப் பக்கத்துக்கான வழி

டாலர், கப்பல் கூலி, சுங்க வரி, எது ஏறினாலும் சோபா, மேசை, திரைச்சீலை விலையும் கூடவே ஏறும். அப்போது அதே சோபாவின் உள்ளூர் நகலைத் தேடி அலைவது வீண். நகலிலும் கீல், டிராயர் ஓடும் சேனல், பலகை வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம்; ஃபோமுக்கான ரசாயனமும் இறக்குமதியை நம்பியதுதான். மரம், தோல், துணி, கூலி என்று தனித்தனியாகப் பிரித்து வாங்குங்கள். பழைய வட ஆற்காட்டு வட்டாரத்தில் இந்த நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். கீலும் டிராயர் சேனலும் மட்டும் இறக்குமதிச் சரக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதில் மிச்சம் பிடித்தால் கதவு தொங்கிவிடும்.

மரம்

மர வாடிக்குப் போகுமுன் கன அடிக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். பலகைக்கு, கனத்தையும் அகலத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். உருட்டு மரத்துக்குச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 48 அங்குலச் சுற்றளவு, 6 அடி நீளம் என்றால் 12 × 12 × 6 ÷ 144, அதாவது 6 கன அடி.

5 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசைக்கு ஒன்றேகால் அங்குல மேற்பலகை, 3 அங்குலச் சதுரக் கால் நான்கு, சுற்றுச்சட்டம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2.6 கன அடி வரும். இழைப்பும் சேதாரமும் சேர்த்து மூன்றரை கன அடி வாங்குங்கள். ஆசாரி ஐந்து கேட்டால் எதற்கு என்று கேட்கலாம்.

தேக்குக்குப் பணம் இல்லையென்றால் வாகை, பூவரசு, வேம்பு, பலா நல்லவை. தூங்குமூஞ்சி மலிவுதான், ஆனால் அதன் வெளிறில், அதாவது வெளிப்பக்க இளமரத்தில், வண்டு விழுந்து மாவு கொட்டும். வெளிறைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் வைரமரத்தை மட்டும் எடுப்பதானால் வாங்குங்கள். மரம் பச்சையாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. காற்றில் உலர அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக்கணக்கு. அவசரமாகச் செய்த மேசை வேலூரின் சித்திரை வெயிலில் வாய் பிளந்துவிடும். உலர்ந்த மரமே ஐப்பசி மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். ஆகவே மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கக் கூடாது. திருகாணி ஓட்டையைக் குறுக்குவாட்டில் கொஞ்சம் நீளமாக வெட்டி, பலகை நகர இடம் விடச் சொல்லுங்கள்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இடித்த வீட்டு மரம்தான் சரி. பழைய வாசல் நிலை, கதவு, உத்திரம் எல்லாம் பல வருடம் காய்ந்தவை, இனி அவ்வளவாகத் திருகாது. காந்தத்தை ஓட்டி உள்ளே ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஆணி அறுவை வாளின் பல்லை முறித்துவிடும், கூலி உங்கள் தலையில் விழும். துளையும் காடியும் (வெட்டிய பள்ளம்) உள்ள நீளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள்.

தோல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு இருக்கும் வட்டாரத்தில் வெளிநாட்டு ரெக்சினுக்குப் பணம் கொடுப்பது அநியாயம். பதனிட்ட தோலை சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். நாற்காலி இருக்கைக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல் கேளுங்கள். கையுறைத் தோலும் மெல்லிய ஆட்டுத்தோலும் உட்கார உட்காரத் தொய்ந்துவிடும்.

18 அங்குலச் சதுர இருக்கைக்குச் சுற்றிலும் 3 அங்குல மடிப்பு விட்டால் 24 அங்குலச் சதுரம், அதாவது 4 சதுர அடி. தழும்பு, ஓரம், ஓட்டை கழியும் என்பதால் நாற்காலிக்கு 5 முதல் 6 சதுர அடி வைத்துக்கொள்ளுங்கள். தோலின் முதுகுப் பகுதி இருக்கைக்கு. வயிற்றுப் பகுதி இழுபடும், அதைப் பக்கவாட்டில் போடலாம். எல்லா நாற்காலிக்கும் ஒரே லாட்டில் வாங்குங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவு, ஆனால் அடுத்த மாதம் அதே நிறம் கிடைக்காது.

வெட்டிய ஓரத்தை உற்றுப் பார்த்தால் ஏமாற்று தெரியும். மேலே பிளாஸ்டிக் படலமும் கீழே நாரும் தனித்தனியாகத் தெரிந்தால் அது பூச்சு போட்ட ஸ்ப்ளிட், அதாவது தோலைப் பிளந்தெடுத்த அடிப்படலம். நாளடைவில் உரியும். உள்ளே 32 டென்சிட்டிக்குக் குறைந்த ஃபோம் வேண்டாம். ஃபோம் விலை ஏறியிருந்தால் ரப்பர் பூசிய தென்னை நார்ப் பலகையே மேலானது.

துணி

4 அடி அகல ஜன்னலுக்கு இருபுறமும் 6 அங்குலம் நீட்டினால் கம்பி 60 அங்குலம். சுருக்கம் அழகாக விழ இரு மடங்கு, 120 அங்குலம். 48 அங்குல அகலத் துணியில் மூன்று பாளம், அதாவது பக்கத்தில் பக்கம் வைத்துத் தைக்கும் மூன்று துண்டு. 60 அங்குல இறக்கத்துக்கு மேல் மடிப்பு 4, கீழ் மடிப்பு 6, சுருங்குவதற்கு 4, ஆக 74. மூன்று பாளத்துக்கு 222 அங்குலம், கடையில் 6 மீட்டர் கேளுங்கள். தைக்குமுன் நனைத்து உலர்த்தாவிட்டால் முதல் சலவையில் திரை மேலேறிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயத்தையும் பாருங்கள். கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருப்பது லாபம்.

குஷன் உறைக்குக் குடியாத்தம் லுங்கித் துணி போதும். 2 மீட்டர் துண்டில் 17-க்கு 40 அங்குலமாக நான்கு பட்டை வெட்டலாம். பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்தால் ஜிப் தேவையில்லை, 16 அங்குல குஷன் நான்குக்கு உறை தயார்.

அலங்காரத்துக்குக் கரிகிரி மண்பாண்டம். விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் விரிசல். பளபளப்புப் பூச்சு உள்ளே இல்லாத ஜாடி தண்ணீர் கசியும், அதில் காய்ந்த பூவை மட்டும் வையுங்கள். புது மேசைமேல் வைப்பதானால் அடியில் ஒரு தட்டு கட்டாயம்.