40 மைக்ரான் எங்கே போனது? நெகிழ்வுக் கீல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உள்ள பட்டறை ஒன்றிலிருந்து வந்த அலுமினியக் கீல் அது. அச்சாணியும் கிடையாது, உராய்வும் கிடையாது. ஒரே உலோகத் துண்டை இருபுறமும் அரைவட்டமாகக் குடைந்தால் நடுவில் எஞ்சும் மெல்லிய கழுத்து வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். வட்டத்தின் ஆரம் 5 மி.மீ., அகலம் 10, கழுத்தின் தடிமன் 0.5. கணக்குப்படி விறைப்பு, அதாவது கீலை வளைக்கத் தேவைப்படும் திருப்புவிசை, ரேடியனுக்கு 4 நியூட்டன்-மீட்டர். எடை தொங்கவிட்டுப் பார்த்தால் 3.65தான் வந்தது.

நான் உடனே உலோகத்தின்மீது பழி போட்டேன். 7075 என்ற அலுமினியக் கலவையைக் கேட்டதற்கு 6061 என்ற வேறு கலவையைக் கொடுத்துவிட்டார்களோ? அப்படியே கொடுத்திருந்தாலும் உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 71.7 கிகாபாஸ்கலிலிருந்து 68.9க்குத்தான் இறங்கும். அது நான்கு விழுக்காடு. குறைந்ததோ ஒன்பது. மீதி ஐந்துக்கு யாரைக் கேட்பது?

மின்பொறியால் உலோகத்தைக் கம்பி கொண்டு வெட்டும் வயர்கட் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் புதுக்கோட்டை அண்ணன்தான் கேட்டார்: “கழுத்தை எதால் அளந்தீர்கள், தம்பி?”

சாதாரண மைக்ரோமீட்டரால். அதன் தட்டை முனை குடைவின் ஓரங்களில் முட்டி நின்றுவிடும், அடியைத் தொடாது. அதனால் ஏதோ பெரிய எண் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு வரைபடத்தில் இருந்த 0.5ஐயே நம்பிக்கொண்டேன். அவர் உருண்டை முனை வைத்து அளந்தார்: 0.46. இத்தகைய கீலின் விறைப்பு தடிமனின் 2.5ஆம் அடுக்கில் ஏறி இறங்கும். 40 மைக்ரான் குறைந்தால் பத்தொன்பது விழுக்காடு போய்விடும்.

அப்படியென்றால் 3.25 அல்லவா வந்திருக்க வேண்டும்? இங்கேதான் இரண்டாவது தவறு ஒளிந்திருந்தது. நான் கழுத்தை ஒல்லியான உத்திரமாக நினைத்துக் கணக்கிட்டிருந்தேன். தடிமனைப் போல இருபது மடங்கு அகலமான கழுத்து தகட்டைப் போல நடந்துகொள்ளும். வளையும்போது அகலவாக்கில் சுருங்கவும் விரியவும் அதற்கு வழியில்லை. அலுமினியத்தின் பாய்சான் விகிதம், அதாவது நீளவாக்கில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம், 0.33 என்பதால் விறைப்பு ஏறத்தாழ பன்னிரண்டு விழுக்காடு கூடும். ஒரு தவறு கூட்டிக் காட்டியது, இன்னொன்று குறைத்துக் காட்டியது. இரண்டும் சேர்ந்து ஒன்பது விழுக்காடு என்ற சாதுவான முகத்தோடு வந்து நின்றன. எனக்குப் பெரிய பிழையைவிட இந்தச் சாதுவான பிழைதான் பயம்.

நான் எடுத்தாண்ட எளிய சூத்திரம் பாரோஸும் வைஸ்போர்டும் 1965இல், சிங்கப்பூர் தனிநாடான அதே ஆண்டில், வெளியிட்டது. அது ஆரத்தைவிடக் கழுத்து மிக மெல்லியதாக இருக்கும் கீலுக்கு உரியது. தடித்த கழுத்துக்கு அதைப் போட்டுவிட்டுச் சூத்திரத்தைத் திட்டக் கூடாது.

மெல்லிய தகடே வளைந்து கொடுக்கும் தகட்டு வில்லில் வேறு வகைத் தொல்லை. முனை திரும்ப முடியாமல் இணையாக நகரும் தகடு, முனை சும்மா விடப்பட்ட தகட்டைவிட நான்கு மடங்கு விறைப்பானது. இதை மறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அதிகம் ஏமாற்றுவது போல்ட் போட்ட இடம். அழுத்தும் தகடு ஓரத்தில் சரியாகப் படியாமல், 20 மி.மீ. நீளம் உண்மையில் 21 ஆகிவிட்டால் விறைப்பில் பதினான்கு விழுக்காடு போச்சு. தகடுகள் தாங்கும் நகரும் மேசையின் எடை அவற்றை இழுக்கிறதா, அமுக்குகிறதா என்பதும் கணக்கில் வர வேண்டும். இழுத்தால் விறைப்பு கூடும், அமுக்கினால் குறையும். அதனால் கருவியைத் தலைகீழாக மாட்டினால் அதே கருவியாக இருக்காது.

பொருளைச் சிறு கூறுகளின் வலையாகப் பிரித்துப் போடும் கணினிக் கணக்கு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கழுத்தின் குறுக்கே ஒரேயொரு எளிய நான்முகக் கூறை வைத்தால் விடை மிக விறைப்பாகவே வரும். வளைவையும் காட்டக்கூடிய இரண்டாம் படிக் கூறுகளை எடுத்து, விடை அசையாத வரைக்கும் வலையை நெருக்கிக்கொண்டே போக வேண்டும். வண்ணப் படம் அழகாக இருப்பது சான்றாகாது.

இப்போதெல்லாம் அண்ணன் ஒவ்வொரு கீலின் பெட்டியிலும் கழுத்தின் தடிமனைப் பென்சிலால் எழுதி அனுப்புகிறார். சென்ற வாரம் வந்தது 0.498. கணக்கு 4.4 சொன்னது, எடை போட்டால் 4.3.