ரசீதுப் புத்தகம் யார் கையில்? வார்டில் கட்சி வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நம் பெண்கள் சீட்டு நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். யார் கட்டினார், யார் பாக்கி, இந்த மாதம் யார் எடுத்தார் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். சேர்ந்தவர் யாரும் அதை வாங்கிப் பார்க்கலாம். அதே தெருவில் இருக்கும் கட்சிக் கிளையில் போன மாத வரவு செலவைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கணக்கு எழுதத் தெரிந்த பெண்களை ஆரத்தித் தட்டோடு நிறுத்திவிடுவதால்தான் இந்த நிலை. நான் பல வருடம் வார்டு வேலை பார்த்தவள். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நன்கொடையைக் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுதான் முதல் தவறு. 2017 முதல், ஒரு கட்சி 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதன் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. ‘பத்தாயிரத்தை அஞ்சு ரசீதாப் போட்டுடலாம்’ என்று யோசனை சொல்ல எல்லாக் கிளையிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், கட்சி அதைத் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கையில் காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கணக்கே வேண்டாம் என்று அர்த்தமில்லை. செயலாளரின் சொந்தப் போன்பே எண்ணை ஒட்டி வசூலிப்பதும் தவறுதான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பணம் கட்சியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அனுப்பும் பணம் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்னும் இந்தியக் குடிமகன்தானா? அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரிடம் கட்சி நன்கொடை வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் விதி அதேதான்.

‘பெரிய பணம் எல்லாம் மேலிடத்து விவகாரம், நமக்கென்ன’ என்று ஒதுங்காதீர்கள். வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் அறிவிக்கை செய்யப்பட்டது. அதில் யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாமல் இருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அது மீறுகிறது என்றது தீர்ப்பு. நம் தெரு அக்கா ‘நான் கொடுத்த நூறு ரூபா என்னாச்சு?’ என்று கேட்பதும் அதே கேள்விதான்.

அந்த நூறு ரூபாய் விஷயம் என் அனுபவத்தில் நடந்தது. நான் இருந்த கிளையில் பெண்கள்தான் வீடு வீடாகப் போய் ஐம்பதும் நூறுமாக வசூலித்தோம். ரசீது கேட்டவர்களிடம் ‘அப்புறம் தர்றோம்’ என்றோம். பணம் எதற்குச் செலவானது என்று எங்களுக்கே யாரும் சொல்லவில்லை. அடுத்த தேர்தலுக்கு அதே வீடுகளுக்குப் போனபோது, பூ விற்கும் ஒரு அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். ‘போன தடவைக் கணக்க மொதல்ல சொல்லும்மா’ என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வசூலிக்கப் பெண்கள், செலவழிக்க ஆண்கள் என்று பிரித்தால், நம்பிக்கை உடையும்போது அந்த வாசலில் நிற்பவள் பெண்தான்.

ஆகவே மகளிரணி என்று தனி அறை கொடுத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். கிளையின் பொருளாளராக ஒரு பெண்ணைப் போடுங்கள். அவருக்கும் செயலாளருக்கும் தெரியாமல் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது. கூட்டத்தை இரவு எட்டரைக்கு வைத்துவிட்டு ‘பெண்கள் வருவதில்லை’ என்று குறைப்படாதீர்கள். காவேரித் தண்ணீர் வரும் நேரம், வீட்டு வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகிறவர்கள் திரும்பும் நேரம், இதையெல்லாம் அவர்களிடமே கேட்டு நேரம் குறியுங்கள். நோட்டைத் தமிழில் மட்டும் எழுதி வைத்தால், பக்கத்து வீட்டுக் கன்னட அக்கா எட்டியே நிற்பார். கன்னடத்திலும் எழுதுங்கள்.

காசு கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதை அறவே விடுங்கள். அன்று வந்தவர் மறுநாள் வேறு கொடி பிடிப்பார். அவர்மேல் குற்றமில்லை, நாம் அவரிடம் கேட்டது அவ்வளவுதான்.

2015 பெங்களூரு மாநகராட்சித் தேர்தலில் 198 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பல இடங்களில் சுவரொட்டியில் மனைவி, அலுவலக நாற்காலியில் கணவர். வார்டு ஒதுக்கீடு வெளியான பிறகு அவசரமாக ஒரு ‘வீட்டம்மாவை’த் தேடுவதால் வரும் கோளாறு இது. அந்த மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. அப்படிக் கிடைக்கும் இடைவெளியில் பெண்களைப் பூத் முகவராக, பொருளாளராக, மேடைப் பேச்சாளராகப் பழக்கியிருந்தால், வேட்பாளரைத் தேடி யார் வீட்டுக்கும் ஓட வேண்டியதில்லை.

எங்கள் கிளையில் பிறகு ஒன்று செய்தோம். மாதம் ஐந்தாம் தேதி, வரவு செலவை ஒரே தாளில் எழுதி வெளிச்சுவரில் ஒட்டினோம். முதல் மாதம் வரவு 1,850 ரூபாய். அந்தப் பூக்கார அம்மா நின்று, தன் பேத்தியை விட்டு அதை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.