உலாவியும் வைரஸ் தடுப்பு மென்பொருளும் மோதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜனவரி 29 அன்று ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் 65-ஆம் பதிப்பு வெளிவந்தது. அடுத்த சில நாள்களில், விண்டோஸ் கணினியில் அவாஸ்ட் அல்லது ஏவிஜி வைரஸ் தடுப்பு மென்பொருளை வைத்திருந்த பலரால் தரவைக் குறியாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளங்களைத் திறக்கவே முடியவில்லை. தளம் உண்மையானது என்று உறுதிசெய்யும் சான்றிதழை வழங்கியவர் யாரென்று தெரியவில்லை என்னும் எச்சரிக்கையே திரும்பத் திரும்ப வந்தது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா விண்டோஸுக்கான தானியங்கிப் புதுப்பிப்பைத் தற்காலிகமாக நிறுத்தியது; அவாஸ்ட் நிறுவனமோ ஃபயர்ஃபாக்ஸுக்கான எச்டிடிபிஎஸ் சோதனையைத் தன் மென்பொருளில் அணைத்துவைத்தது. இத்தகைய சிக்கல் வரும்போது பயனர் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாம் வழியை. ஆனால் பெரும்பாலோர் முதல் வழியைப் பின்பற்றி உலாவியின் புதுப்பிப்பை நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் தீர்ந்த பிறகும் அதை மீண்டும் இயக்குவதில்லை.

புதுப்பிப்பை நிறுத்துவதே இந்த வகைத் தவறுகளில் மிகப் பெரியது. குரோம் 2021 செப்டம்பர் முதலும் ஃபயர்ஃபாக்ஸ் 2020 முதலும் நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்னும் முறைக்கு மாறின. ஒவ்வொரு பதிப்பிலும் அடைக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியல் வெளிப்படையாக அறிவிக்கப்படுவதால், எந்தப் பழைய பதிப்பை எந்த வழியில் தாக்கலாம் என்பது தாக்குபவருக்கும் தெரிந்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 57-ஆம் பதிப்பு 2017 நவம்பரில் பழைய வகை நீட்சிகள் (உலாவிக்குள் சேர்க்கும் சிறு துணை நிரல்கள்) அனைத்தையும் ஒரேயடியாகக் கைவிட்டபோது, தங்கள் வைரஸ் தடுப்பின் கருவிப்பட்டை வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே 56-ஆம் பதிப்பில் தங்கிவிட்டவர்கள் உண்டு. தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி காட்டுகின்ற ஒரு வசதிக்காக, இணையத்தோடு நேரடியாகப் பேசும் மென்பொருளையே பழையதாக வைத்திருப்பது லாபமான பேரமன்று.

புதுப்பிக்க வேண்டியது மறுபக்கத்தில் இருக்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருளில் வைரஸ் அடையாளப் பட்டியல் வேறு, அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் நிரல் வேறு. பட்டியல் தினமும் தானாக வந்து இறங்குவதால் எல்லாம் புதிதாக இருப்பதாகத் தோன்றும். நிரல் இரண்டாண்டு பழையதாக இருக்கக்கூடும். புதிய உலாவியோடு ஒத்துப்போவதற்கான திருத்தங்கள் நிரலின் புதிய பதிப்பில்தான் வருகின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிரலின் பதிப்பு எண்ணை.

அடுத்த தவறு, சிக்கல் எந்த இடத்தில் எழுகிறது என்று பாராமலே மருந்து தேடுவது. வைரஸ் தடுப்பு மென்பொருள் உலாவியை மூன்று இடங்களில் தொடுகிறது. உலாவியின் நினைவகப் பகுதிக்குள் தன் நிரல்துண்டை நுழைப்பது ஒன்று; உலாவிக்கும் தளத்துக்கும் இடையே நின்று எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்ப்பது மற்றொன்று; உலாவிக்குள் நீட்சியாக அமர்வது மூன்றாவது. பொதுவாக, உலாவி திடீரென்று மூடிக்கொண்டால் முதலாவதையும், சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் இரண்டாவதையும், தேடுபொறியோ முகப்புப் பக்கமோ மாறியிருந்தால் மூன்றாவதையும் சந்தேகிக்கலாம்.

இவற்றுள் முதல், மூன்றாம் வாயில்களை உலாவி உருவாக்குநர்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவருகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கும். விண்டோஸில் குரோம் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் கணினிகளில் குரோமோடு ஊடாடும் பிற மென்பொருள்கள் இருப்பதாகவும், நிரல்துண்டு நுழைக்கப்பட்ட குரோம் செயலிழக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு கூடுதல் என்றும் கூகுள் 2017 நவம்பரில் தெரிவித்து, மறு ஆண்டிலிருந்து அந்த நுழைவைப் படிப்படியாகத் தடுக்கப்போவதாக அறிவித்தது. அதே 2017-இன் தொடக்கத்தில், மொசில்லாவில் முன்பு பணியாற்றிய பொறியாளர் ராபர்ட் ஓ'கல்லஹன், மைக்ரோசாஃப்டினுடையதைத் தவிர மற்ற வைரஸ் தடுப்புகளை நீக்கிவிடுங்கள் என்றே எழுதினார். நினைவக முகவரிகளைக் கலைத்துப்போட்டுத் தாக்குதலைக் கடினமாக்கும் பாதுகாப்பை ஃபயர்ஃபாக்ஸில் கொண்டுவந்தபோது, அந்தப் பாதுகாப்பு இல்லாத நிரல்துண்டுகளை நுழைத்து அதைப் பயனற்றதாக்கியவை வைரஸ் தடுப்புகளே என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. எல்லாருக்கும் பொருந்தும் அறிவுரையாக அதை நான் கொள்ளவில்லை. ஆனால், உலாவிக்குள் நுழைவதில் வைரஸ் தடுப்புக்கு இனி எதிர்காலம் இல்லை என்ற அளவில் அவர் சொன்னது சரியாகவே முடிந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் நுழைந்திருக்கும் வெளி நிரல்துண்டுகளை 'அபவுட்:தேர்ட்-பார்ட்டி' பக்கத்தில் பார்க்கலாம். 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பு முதல் அங்கேயே தடுக்கவும் செய்யலாம்.

எச்டிடிபிஎஸ் சோதனையை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மிக ஆபத்தான தவறுகள் இங்கேதான் நிகழ்கின்றன. குறியாக்கம் செய்யப்பட்ட தரவை வைரஸ் தடுப்பு மென்பொருளால் நேரடியாகப் படிக்க இயலாது. ஆகவே அது தன் சொந்த மூலச் சான்றிதழ் (பிற சான்றிதழ்களுக்கு உறுதி தரும் அடிப்படைச் சான்றிதழ்) ஒன்றைக் கணினியில் நிறுவி, தளத்திலிருந்து வரும் தரவைத் தானே பெற்றுக் குறியாக்கத்தை நீக்கிச் சோதித்து, தன் சான்றிதழால் மறுபடி குறியாக்கம் செய்து உலாவியிடம் தருகிறது. விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கில் நிறுவப்படும் இத்தகைய சான்றிதழைக் குரோமும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியும் ஏற்றுக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனிக் கிடங்கு வைத்திருப்பதால், அங்கேயும் போய் எழுதியாக வேண்டும்; 65-ஆம் பதிப்போடு நேர்ந்த இடறல் இந்த இடத்தில்தான். பின்னர் 2019 ஜூலையில் வந்த 68-ஆம் பதிப்பில், இத்தகைய பிழையைக் கண்டால் விண்டோஸின் கிடங்கில் உள்ள சான்றிதழ்களையும் சேர்த்துப் பார்க்கும்படி மொசில்லா மாற்றியது. எனவே இன்று புதிய ஃபயர்ஃபாக்ஸில் இந்தப் பிழை அரிது. வந்தால், பெரும்பாலும் பழைய உலாவியோ பாதி நீக்கப்பட்ட வைரஸ் தடுப்போ இருக்கிறது என்று கொள்ளலாம்.

எச்சரிக்கை வந்தவுடன் 'ஆபத்தை ஏற்றுத் தொடர்க' என்பதை அழுத்தி அழுத்திப் பழகிவிடுவது இங்கு நேரும் முதல் பிழை. அப்படிப் பழகியவர், ஒருநாள் பொது வைஃபையில் உண்மையான இடைமறிப்பு நடக்கும்போதும் அதையே அழுத்துவார். மாறாக, எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து, அதை வழங்கியவரின் பெயரைப் படிக்க வேண்டும். உங்கள் வைரஸ் தடுப்பின் பெயர் இருந்தால் அதன் அமைப்புகளுக்குள் சென்று எச்டிடிபிஎஸ் சோதனையை மட்டும் அணைக்கலாம். முன்பின் அறியாத பெயர் இருந்தால், கடவுச்சொல் எதையும் தட்டச்சு செய்யாமல் அந்த இணைப்பை விட்டு வெளியேறுவதே முறை. வேறு எங்கிருந்தோ ஒரு சான்றிதழ்க் கோப்பைப் பதிவிறக்கிச் சேர்க்கச் சொல்லும் அறிவுரையை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது.

இந்தச் சோதனையை அணைத்தால் பாதுகாப்பு குறையாதா என்ற கேள்வி இயல்பானது. 2017-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம், கூகுள், மொசில்லா, கிளவுட்ஃப்ளேர் முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இடைமறிக்கும் மென்பொருள்களைச் சோதித்து, அவற்றுள் பெரும்பாலானவை இணைப்பின் பாதுகாப்பைக் கூட்டாமல் குறைக்கவே செய்கின்றன என்று காட்டினார்கள். உலாவி செய்யும் அளவுக்குக் கண்டிப்பான சான்றிதழ்ச் சோதனையை இடையில் நிற்பவை செய்யவில்லை. தீங்கான தளங்களின் பட்டியலைக் கொண்டு எச்சரிக்கும் வேலையைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கூகுளின் சேஃப் பிரவுசிங் வழியாகவும், எட்ஜ் ஸ்மார்ட்ஸ்கிரீன் வழியாகவும் ஏற்கெனவே செய்கின்றன. பதிவிறக்கிய கோப்பு வட்டில் எழுதப்படும்போது வைரஸ் தடுப்பு அதை எப்படியும் சோதிக்கும். என்னைக் கேட்டால், வீட்டுக் கணினியில் எச்டிடிபிஎஸ் சோதனை அணைந்திருப்பதே நல்லது. அலுவலகக் கணினியின் நிலை வேறு. அங்கே கணினிப் பிரிவின் அனுமதியின்றி அதைத் தொடக் கூடாது.

நீட்சிகளின் கதை இன்னும் கசப்பானது. நிறுவும்போது 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திச் செல்பவரின் உலாவியில், வைரஸ் தடுப்பின் பெயரால் ஒன்றிரண்டு நீட்சிகள் வந்து அமர்ந்துவிடும். பயனர் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமையை அவை கேட்கும். ஏறத்தாழ 90 லட்சம் பேரிடம் இருந்த ஏவிஜியின் வெப் டியூன்அப் நீட்சி, எந்தத் தளமும் பயனரின் உலாவல் வரலாற்றைக் கவரக்கூடிய அளவுக்கு ஓட்டையாக இருந்ததை, கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி 2015 டிசம்பரில் வெளிப்படுத்தினார். 2019-இல் ஜெர்மானிய இதழான சி'டி, கேஸ்பர்ஸ்கி ஒவ்வொரு பக்கத்திலும் நுழைத்துவந்த நிரல்வரியில் அந்தந்தக் கணினிக்கே உரிய அடையாள எண் இருந்ததையும், அதைக் கொண்டு எந்தத் தளமும் பயனரைப் பின்தொடர முடிந்ததையும் எழுதியது. கேஸ்பர்ஸ்கி அதைத் திருத்தியது. அவாஸ்டின் நிலையோ வேலியே பயிரை மேய்ந்த கதை. அதன் நீட்சிகள் தேவைக்கு மிஞ்சிய உலாவல் தரவை அனுப்புவதாகப் பாதுகாப்பு ஆய்வாளர் விளாதிமிர் பாலன்ட் 2019-இல் காட்டிய பின், மொசில்லா அவற்றைத் தன் கடையிலிருந்து நீக்கியது. உலாவல் தரவை விற்றுவந்த ஜம்ப்ஷாட் என்னும் அவாஸ்டின் துணை நிறுவனம் 2020 ஜனவரியில் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டுமாறு பணித்து, உலாவல் தரவை விளம்பரத்துக்கு விற்கவும் தடை விதித்தது.

இந்த வரலாற்றை வைத்து எல்லா நீட்சிகளையும் தீயவை என்று சொல்ல வரவில்லை. பாதுகாப்பு நிறுவனத்தின் பெயர் இருப்பதாலேயே ஒரு நீட்சியை ஆராயாமல் ஏற்பது தவறு என்பதே செய்தி.

நீட்சிகளில் அண்மைக்கால மாற்றம், அவை எப்படி இயங்க வேண்டும் என்று வரையறுக்கும் மேனிஃபெஸ்ட் என்னும் விதிமுறையின் 3-ஆம் வகை. குரோம் பழைய 2-ஆம் வகை நீட்சிகளை 2024 ஜூன் முதல் படிப்படியாக விலக்கி, 2025-இல் முழுமையாக நிறுத்தியது. பழைய முறையில், ஒரு பக்கத்துக்கான கோரிக்கையை நீட்சி தடுத்து நிறுத்தி, ஆராய்ந்து, பிறகு விட முடிந்தது. புதிய முறையில் நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்கிறது. தடுக்கும் வேலையை உலாவியே செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸோ பழைய வசதியையும் விட்டுவைத்திருக்கிறது. இங்கே இரண்டு தவறுகளைப் பார்க்கிறோம். கருவிப்பட்டையில் சின்னம் தெரிவதால் நீட்சி வேலை செய்கிறது என்று நம்புவது ஒன்று. நீட்சிகள் பக்கத்தைத் திறந்து, உலாவி அதை முடக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முடக்கப்பட்ட நீட்சியின் பழைய கோப்பை எங்கிருந்தோ எடுத்து, உருவாக்குநர் பயன்முறை வழியாக ஏற்றுவது மற்றொன்று. அப்படி ஏற்றியதற்கு இனிப் புதுப்பிப்பு வராது. அதற்குள் யார் எதை நுழைத்தார்கள் என்பதும் தெரியாது.

உலாவி மெதுவாகும்போது, அதன் கோப்புறை முழுவதையும் சோதனையிலிருந்து விலக்கிவைக்கும் பழக்கமும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கணினியின் மையச் செயலியை (சிபியு) அளவுக்கு மீறி உறிஞ்சுவதாக 2018 முதல் இருந்த புகார் 2023-இல்தான் தீர்க்கப்பட்டது. திருத்தத்துக்குப் பின் டிஃபெண்டரின் அந்தச் சுமை ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது. தவறு டிஃபெண்டரின் பக்கம் இருந்தது, தீர்வும் அதன் புதுப்பிப்பிலேயே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உலாவியின் கோப்புறையை விலக்கிவைத்தவர்கள், இணையத்திலிருந்து முதலில் கோப்புகள் வந்து விழும் இடத்தையே காவலின்றி விட்டார்கள். அப்படி எப்போதோ சேர்த்த விலக்குகள் இன்னும் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஒரே கணினியில் இரண்டு வைரஸ் தடுப்புகளை ஓடவிடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இரண்டும் ஒரே கோப்பையும் ஒரே இணைப்பையும் பிடிக்கப் போட்டியிடும். விண்டோஸ் 7-இலோ 8.1-இலோ, புதிய வைரஸ் தடுப்பு போதும் என்று இருப்பவர்கள், அவற்றில் குரோம் 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கடைசியாக, எது காரணம் என்று கண்டுபிடிப்பதற்காக வைரஸ் தடுப்பை முழுவதுமாக அணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வசதியை அணைத்துப் பாருங்கள், சரியாகவில்லையென்றால் அதை மீண்டும் இயக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். கோப்புகளின் நிகழ்நேரச் சோதனையில் மட்டும் கை வைக்காதீர்கள். எல்லாம் முடிந்த பின், வைரஸ் தடுப்பைச் சோதிப்பதற்கென்றே ஐகார் என்னும் அமைப்பு தரும் 68 எழுத்துகள் கொண்ட கோப்பைப் பதிவிறக்கிப் பார்க்கலாம். அது யாருக்கும் தீங்கு செய்யாது, ஆனால் ஏறத்தாழ எல்லா வைரஸ் தடுப்புகளும் அதை வைரஸாகவே நடத்தும். உலாவியே முந்திக்கொண்டு தடுத்தால், அந்த எழுத்துகளை நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். சேமித்தவுடனோ திறக்கும்போதோ கோப்பு பிடிபட்டால் நிகழ்நேரச் சோதனை இயங்குகிறது. எதுவும் நடக்காமல் வட்டில் அப்படியே இருந்தால், உலாவியை விட்டுவிட்டு முதலில் வைரஸ் தடுப்பின் அமைப்புகளைத் திறந்து, அணைந்து கிடப்பது எது என்று பாருங்கள்.