விண்டோவுக்குள் வைத்த கிராஃபில் அச்சுப் பெயர் அறுந்து தெரிந்தால்

மேட்டூர் நீர்மட்டத்தையும் கல்லணையில் பிரியும் தண்ணீரையும் தினமும் காட்டும் ஒரு டெஸ்க்டாப் செயலியை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் எழுதி, மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தில் போட்ட கிராஃபை, விண்டோ அமைக்க உதவும் கியூட்டி அல்லது டிகே-இன்டர் மூலம் விண்டோவில் பதித்திருக்கிறது. கிராஃபைத் தனியாக ஓட்டினால் எல்லாம் சரி. விண்டோவுக்குள் வந்ததும் கீழே "தேதி" பாதி அறுந்து நிற்கும். இடது ஓரத்தில் "நீர்மட்டம், அடி" காணாமலே போகும்.

எழுத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பதற்கு முன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கிராஃபைச் சுற்றி விடும் ஓரம் விகிதக் கணக்கு. எழுத்து பாயின்ட் கணக்கு (ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு). இயல்பாகக் கீழ் ஓரம் உயரத்தில் 0.11 பங்கு. 480 பிக்சல் உயரத்தில் அது 53 பிக்சல். அச்சிலுள்ள சிறு குறிக்கோடு 3.5 பாயின்ட், அதற்கடுத்த இடைவெளி 3.5, எண்கள் 10, மறுபடி இடைவெளி 4, அச்சுப் பெயர் 10. கூட்டினால் 31 பாயின்ட், அதாவது அங்குலத்துக்கு 100 புள்ளியில் 43 பிக்சல். அதனால் தப்பிக்கிறது. அதே கிராஃபை 300 பிக்சல் உயரத்தில் அடைத்தால் ஓரம் 33 பிக்சல்தான். எழுத்து சுருங்கவில்லை, ஓரம் சுருங்கிவிட்டது.

முதலில் எது வெட்டுகிறது என்று பாருங்கள். ஃபிகரின், அதாவது ஓரங்களும் சேர்ந்த முழுப் படத்தின், பின்னணிக்கு வெளிர் மஞ்சள் கொடுத்து ஓட்டுங்கள். மஞ்சள் நான்கு பக்கமும் தெரிந்து, அதன் விளிம்பில் எழுத்து அறுந்தால் ஓரம் போதவில்லை. மஞ்சளின் கீழ் விளிம்பே தெரியவில்லை என்றால் விண்டோதான் கேன்வாஸை (ஃபிகர் வரையப்படும் பரப்பை) மறைக்கிறது. ஓரத்தை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. டிகே-இன்டரில் கட்டம் பிரித்து வைக்கும் கிரிட் முறையில் வைத்து, வரிசைக்கும் நிரலுக்கும் வெயிட் (அளவு மாற்றத்தில் பங்கு) 1 கொடுக்க மறந்தால் இப்படித்தான் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பேக் முறை என்றால் டூல்பாரையும் பொத்தான்களையும் முதலில் வையுங்கள், கேன்வாஸைக் கடைசியில்.

ஓரப் பிரச்சினைக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: ஃபிகரை உருவாக்கும் வரியிலேயே லேஅவுட் என்பதற்கு "கன்ஸ்ட்ரெயின்ட்" (constrained) கொடுங்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் எழுத்தை அளந்து ஓரத்தை அது புதிதாகப் போடும்; விண்டோவை இழுத்தாலும் கூடவே வரும். ஓரத்தை அப்போதைய அளவுக்குச் சரிசெய்யும் டைட்-லேஅவுட் கட்டளையைப் பலர் ஒரே ஒரு முறை அழைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஃபிகர் இன்னும் 6.4க்கு 4.8 அங்குலமாகவே இருக்கும். விண்டோ திறந்து அது சுருங்கியதும் பழைய விகிதம் செல்லாது.

கன்ஸ்ட்ரெயின்ட் வைத்த பிறகு, ஓரத்தைக் கையால் குறிக்கும் சப்பிளாட்ஸ்-அட்ஜஸ்ட்டைத் தொடாதீர்கள். எச்சரிக்கை மட்டும் வரும், வேலை நடக்காது. ஆட்-ஆக்சஸ் மூலம் கையால் இடம் குறித்த படங்களையும் அது கண்டுகொள்ளாது. விண்டோ மிகவும் சிறிதானால் கைவிட்டுவிடும். ஆகவே கேன்வாஸுக்குக் குறைந்தபட்ச அளவு, 420க்கு 280 பிக்சல் போல, கட்டாயம் வையுங்கள்.

நொடிக்கு நொடி புதுப்பிக்கும் கிராஃபில் இன்னொரு தொல்லை. நீர்மட்டம் 99ஐத் தாண்டி 100ஐத் தொட்டதும் எண் மூன்று இலக்கமாகி, இடது ஓரம் அகலமாகி, கோடு மொத்தமும் துள்ளும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி என்பதால் அச்சை 0 முதல் 120 வரை நிறுத்திவிட்டால் போதும். எல்லையை அப்படிக் கட்ட முடியாத அளவீடுகளுக்கு கன்ஸ்ட்ரெயின்டை விட்டுவிட்டு, ஓரத்தை அங்குலத்தில் வையுங்கள்: விண்டோவின் அளவு மாறும் ரீசைஸ் நிகழ்வில் 0.65ஐ ஃபிகரின் உயரத்தால் வகுத்து, கீழ் ஓரமாகக் கொடுக்க வேண்டும். 3 அங்குல உயரத்துக்கு 0.217 வரும்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நான்கையும் இரண்டுக்கு இரண்டாக வைத்தால் நெரிசல் கூடும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் போவது லட்சம் கனஅடியைத் தொடும். கால்வாயில் சில ஆயிரம்தான். அளவுகோல் பொதுவாக இருக்க முடியாது, ஆனால் பெயர் பொதுவாக இருக்கலாம். எண்களை ஆயிரத்தால் வகுத்து, நான்குக்கும் சேர்த்து சூப்-ஒய்-லேபிளில் (எல்லாப் படங்களுக்கும் பொதுவான செங்குத்து அச்சுப் பெயரில்) "ஆயிரம் கனஅடி" என்று ஒரே முறை எழுதுங்கள். 100000 என்பது 100 ஆகும்போது மூன்று இலக்கத்தின் அகலம் மிச்சம்.

வட்டார வாரியாக மழை காட்டும்போது திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம், முத்துப்பேட்டை போன்ற பெயர்களைச் சாய்க்காதீர்கள். 45 பாகை சாய்த்தால் படத்தின் பாதி உயரத்தைப் பெயரே தின்றுவிடும். பட்டைகளைப் படுக்கையாகப் போட்டால் பெயர் நேராக நிற்கும், படிக்கவும் எளிது. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாததால் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரும். விண்டோஸில் நிர்மலா யூஐ, லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் வையுங்கள். எழுத்துருவை மாற்றியபின் ஓரத்தை மறுபடி சரிபாருங்கள், தமிழ் எழுத்துகள் அதிக அகலம் பிடிக்கும்.

கோப்பாகச் சேமிக்கும்போது படத்தை வெட்டும் எல்லையைக் குறிக்கும் பிபாக்ஸ்-இஞ்சஸ் என்பதற்கு "டைட்" கொடுப்பது அந்தப் படத்தை மட்டும்தான் சரிசெய்யும். திரையில் இருப்பது அப்படியே அறுந்தபடிதான் இருக்கும்.