குட்டிக் கம்பைலரின் மரத்தை ஜிடிபி டீபக்கரில் படிக்கிற மாதிரி காட்டுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்: நிறுத்த எடையில் ஈரத்துக்கான கழிவு போக, மிச்சத்தை விலையால் பெருக்கு. இதை எழுதுவதற்கென்றே ஒரு குட்டி மொழி, அதற்கு சி பிளஸ் பிளஸில் ஒரு கம்பைலர் (அந்த மொழியில் எழுதியதைக் கணினி ஓட்டும்படி மாற்றும் புரோகிராம்) என்று வைத்துக்கொள்வோம். '(எடை - கழிவு) * விலை' என்ற வரியை அது மரமாக்குகிறது: ஒவ்வொரு செயலும், பெயரும், எண்ணும் ஒரு கணு; செயலின் இரு பக்கமும் அதன் கிளைகள். ஆனால் பில்லில் தொகை தப்பாக வருகிறது. ஜிடிபியில் (புரோகிராமை இடையில் நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி) கம்பைலரை நிறுத்தி, மரத்தின் வேர்க் கணுவை பிரின்ட் செய்கிறீர்கள்:

$1 = (கணு *) 0எக்ஸ்55550310

கணு நினைவகத்தில் இருக்கும் முகவரி இது, அதாவது பாயின்டர். இதை வைத்து என்ன செய்ய? நட்சத்திரம் போட்டு உள்ளே போனால் இடது, வலது என்று இன்னும் இரண்டு முகவரிகள். அதற்குள் போனால் மறுபடியும் முகவரிகள். நமக்கு வேண்டியது இது:

$1 = பெருக்கு(கழி(எடை, கழிவு), விலை)

ஜிடிபி 7.0 (2009) முதல் பைத்தானில் பிரட்டி-பிரின்டர் எழுதலாம்; ஒரு மதிப்பை நாம் விரும்பும் வடிவில் காட்டும் சிறு நிரல் அது. கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'செட் பிரின்ட் பிரட்டி ஆன்' என்பது வேறு. அது ஸ்ட்ரக்டை வரி பிரித்து அடுக்கும், அவ்வளவுதான்.

படி 1: கம்பைலரை டீபக் தகவலோடு, ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காக நிரலை மாற்றியமைப்பது) இல்லாமல் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதி மாறிகளுக்கு 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்றுதான் பதில் வரும்.

படி 2: ஒரு பைத்தான் கோப்பில் ஒரு கிளாஸ். அதை உருவாக்கும்போது ஜிடிபி தரும் மதிப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'டு_ஸ்ட்ரிங்' என்ற மெத்தட் எதைத் திருப்பித் தருகிறதோ அதுதான் திரையில் வரும்.

படி 3: இங்கே நிதானம் தேவை. 'டு_ஸ்ட்ரிங்'குக்குள் முதலில் பாயின்டர் சுழியமா என்று பாருங்கள். ஆமென்றால் 'வெறுமை' என்று தந்துவிடுங்கள். அடுத்து கணுவின் 'வகை' புலத்தை முழு எண்ணாக்கிப் படியுங்கள். அது இருகிளைக் கணு என்றால், பாயின்டரை அந்த டைப்புக்கு 'காஸ்ட்' செய்து (அந்த டைப்பாகவே கருதச் சொல்லி) இடது, வலது இரண்டையும் எடுத்து, இதே வேலையை அவற்றுக்கும் செய்யச் சொல்லுங்கள். பெயர்க் கணு என்றால் பெயர், எண் கணு என்றால் எண்.

ஆழத்துக்கு ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். குழந்தைக் கணு பெற்றோரைக் காட்டும் பாயின்டரை வைத்திருந்து, நீங்கள் அதையும் பின்தொடர்ந்தால், கதை முடியவே முடியாது. நான் மூன்று நிலைக்கு மேல் போவதில்லை. அதற்குக் கீழே மூன்று புள்ளி. பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) எடுக்கும்போது ஒவ்வொரு ஃபங்ஷனின் பாயின்டர் ஆர்குமென்டுக்கும் இதே பிரின்டர்தான் ஓடும். மரம் முழுவதையும் கொட்டினால் பேக்டிரேஸே படிக்க முடியாமல் போகும்.

இன்னொன்று: கம்பைலரிலேயே மரத்தை அச்சிட 'டம்ப்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, அதைப் பிரின்டரிலிருந்து கூப்பிட்டால் போதாதா என்று தோன்றும். கூப்பிடாதீர்கள். ஊட்டியில் இருக்கும் நண்பர் கோர் ஃபைலை (புரோகிராம் விழுந்தபோது அதன் நினைவகத்தை எழுதிவைத்த கோப்பு) மட்டும் அனுப்பி 'பார்த்துச் சொல்லுங்க' என்பார். கோர் ஃபைலில் ஓடும் புரோகிராம் கிடையாது, அதனால் எந்த ஃபங்ஷனையும் கூப்பிட முடியாது. நினைவகத்தை மட்டும் படிக்கும் பிரின்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. கெட்ட முகவரி வந்தால் ஜிடிபி 'மெமரிஎரர்' எறியும். அதைப் பிடித்து '<கெட்ட முகவரி>' என்று காட்டுங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 4: பதிவு செய்தல். மதிப்பை வாங்கி, அதன் டைப் நம்முடையதா என்று பார்த்து, ஆமென்றால் படி 2-இன் கிளாஸையும், இல்லையென்றால் 'நன்' (பைத்தானில் 'எதுவும் இல்லை') என்பதையும் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதி, 'ஜிடிபி.பிரட்டி_பிரின்டர்ஸ்' பட்டியலில் சேருங்கள். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது: ஸ்ட்ரக்டுக்கு மட்டும் சோதனை வைத்துவிட்டு, 'வேலை செய்யவில்லையே' என்பார்கள். கம்பைலருக்குள் கணுக்கள் அநேகமாகப் பாயின்டராகவே கைமாறும். ஆகவே டைப் பாயின்டரா, அது சுட்டும் டைப்பின் பெயர் 'கணு'வா என்று பாருங்கள். ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் வாய்பாடு) வைத்துப் பதிவு செய்யும் வசதி ஜிடிபியிலேயே உண்டு. ஆனால் அது டைப்பின் பெயரைத் தேடுவதால் பாயின்டருக்கு உதவாது.

படி 5: ஜிடிபியில் 'சோர்ஸ்' கட்டளையோடு கோப்பின் பெயர். 'இன்ஃபோ பிரட்டி-பிரின்டர்' போட்டால் பட்டியலில் உங்களுடையது தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் 'பிரின்ட் /ஆர்' போடுங்கள். பிரின்டரை ஒதுக்கிவிட்டு அசல் மதிப்பைக் காட்டும்.

இப்போது வேர்க் கணுவை மறுபடி பிரின்ட் செய்கிறோம்:

$2 = கழி(எடை, பெருக்கு(கழிவு, விலை))

அடைப்புக்குறியைப் பார்சர் (வரியைப் படித்து மரமாக்கும் பகுதி) கண்டுகொள்ளவே இல்லை. திருத்த வேண்டிய இடம் அதுதான்.

பெரிய கம்பைலர்களும் இதையே செய்கின்றன. ஜிசிசி கம்பைலரின் மூல நிரலில் 'ஜிடிபிஹுக்ஸ்.பிஒய்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள்; அங்கேயும் பாயின்டருக்கு ஒரே வரிதான் வரும். கம்பைலர் கட்ட உதவும் எல்எல்விஎம் தொகுப்பில் 'யுடில்ஸ்' அடைவுக்குள் 'ஜிடிபி-ஸ்க்ரிப்ட்ஸ்' இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது 'பாயின்டர்இன்ட்பேர்'. எட்டு பைட் எல்லையில் வைக்கப்படும் பொருளின் முகவரியில் கடைசி மூன்று பிட்டுகள் எப்போதும் சுழியம் என்பதால், அந்த இடத்தில் ஒரு சிறு எண்ணை ஒளித்து வைக்கிறார்கள். உங்கள் கம்பைலரிலும் அப்படிச் செய்திருந்தால், 'காஸ்ட்' செய்வதற்கு முன் அந்த பிட்டுகளை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல கணுக்கள்கூட '<கெட்ட முகவரி>' என்றோ குப்பையாகவோதான் தெரியும்.