தென்னையில் மோதிய விமானத்துக்கு வெந்நீர் வைத்தியம்

பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் எல்லையை ஒட்டிய தரிசு நிலத்தில் மாதிரி விமானம் ஓட்டும் எங்கள் குழுவில், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று எவரையும் விட்டுவைத்ததில்லை. விமானத்தை விழவைத்தவர் மற்ற எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எதிரிலுள்ள தேநீர்க் கடைக்காரருக்கு ஆடிதான் தீபாவளி. என் விமானம் தென்னை மட்டையில் மோதி மூக்கு நசுங்கியபோது, "இளநீர் பறிக்கப் போனதா, தம்பி?" என்று சிரித்த மூத்தவரே பழுதுபார்க்கவும் முதலில் அமர்ந்தார்.

விமானத்தின் உடல் இ.பி.ஓ. எனப்படும், வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் நுரையால் ஆனது. எனவே பேட்டரி, மோட்டார், சர்வோ (திசைமாற்றும் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்) ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, நசுங்கிய பகுதியை ஆவி பறக்கும் வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தினோம். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக உப்பி, மூக்கு ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது. நன்றாக உலர்ந்த பின் விரிசலை எபாக்சி என்ற இருகலவைப் பசையால் ஒட்டினோம். (சாதாரண தெர்மாகோல் விமானமாக இருந்தால் ஃபெவிக்விக் போன்ற பசை அதைக் கரைத்துவிடும்.)

கழற்றியவற்றை மீண்டும் பொருத்தி, எடைச் சமநிலையைச் சோதிக்க, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் முன்பின் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு தள்ளி, விரல்நுனிகளில் தாங்கிப் பார்த்தபோது, பசையின் எடையால் மூக்கு தாழ்ந்தது. பேட்டரியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தியதும் விமானம் சமமாக நின்றது.